வளைவது கம்பா, கயிறா?

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் வேலை என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய் ஒன்றில் விரால் இரையைக் கவ்வும் காட்சியைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் குபீரென்று வெடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் மீன் கொடிகளுக்குள் புகுந்துவிடும். அது கரைக்கு வருமா, கயிற்றை அறுத்துக்கொண்டு போகுமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே பொருள்கள்: கையில் இருக்கும் கம்பு, அதன் நுனியிலிருந்து போகும் கயிறு. இந்த இரண்டையும் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க மனிதன் பட்ட பாடு நீண்ட சரித்திரம்.

புதுக்கோட்டையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1948-ல் இந்திய யூனியனோடு இணைந்த சமஸ்தானம் அது. 1974-ல் தனி மாவட்டமாயிற்று. வானத்தை நம்பி வாழும் பூமி. மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கவிநாட்டுக் கண்மாய் போன்ற நீர்நிலைகளே அதற்கு ஜீவாதாரம். கண்மாய் என்றால் நெல் மட்டுமல்ல, மீனும்தான். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்று ஒரு வருவாய் பேசப்படுகிறது. குளத்து மீனால் வரும் பணம் அது. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே திரண்டு ஊத்தாவும் வலையுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் அங்கே நடக்கிறது. அது கூட்டத்தின் பலம். தூண்டிலோ தனி மனிதனுக்கும் தனி மீனுக்கும் உள்ள வழக்கு.

அந்த வழக்கில் மீனே ஜெயித்த கதையைச் சங்கப் புலவர் ஒருவர் பாடி வைத்திருக்கிறார். அகநானூற்றின் 36-ஆவது பாட்டு, மதுரை நக்கீரர் பாடியது. வளைந்த இரும்பு முள்ளில் இருந்த இரையை ஒரு பெரிய வரால் விழுங்குகிறது. ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, வள்ளைக் கொடிகளைக் கலக்கிக்கொண்டு பாய்கிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், வரவில்லை. இன்றைக்கு விரால் பிடிக்கிற எந்தப் பையனும் இதைக் கேட்டால், “ஆமாம் ஸார், அப்படித்தான்!” என்பான். ஈராயிரம் வருஷமாக மீனும் மாறவில்லை, அல்லிக்கொடியும் மாறவில்லை.

மாறியது கம்பும் கயிறும். நம் கிராமத்துத் தூண்டிலில் கயிறு கம்பின் நுனியிலேயே கட்டப்பட்டிருக்கும். மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க மிச்சக் கயிறு கிடையாது. ஆகவே மூங்கில்தான் வளைந்து கொடுக்க வேண்டும். மூங்கில் முரண்டு பிடித்தால் கயிறு அறும். வளைய வேண்டியது கம்பா, கயிறா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

வெள்ளைக்காரர்கள் இந்தக் கலையைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர், ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை 1873-ல் வெளியிட்டார். குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887-ல் இன்னொரு புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்துச் சீமான்களின் கம்பு, மூங்கிலை முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. கயிறு பட்டு நூல். முள்ளுக்கு அருகில் கண்ணுக்குத் தெரியாத இழை வேண்டும் என்பதற்காக, பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்தே பட்டுச் சுரப்பியை எடுத்துக் கம்பிபோல் நீட்டி வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயின் தேசத்து முர்ஸியா அதற்குப் பேர்போன இடம். பட்டுக் கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துப் போகும். மாலையில் மீன் பிடித்தவர், இரவில் கயிற்றை உலர்த்திவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு வேடிக்கை. அங்கே ‘பாஸ்’ என்று ஒரு மீன். நம் விராலைப் போலவே அகன்ற வாய், மறைந்திருந்து தாக்கும் குணம். மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் 1898 வாக்கில் மரத்தில் தவளை செதுக்கினார். உயிருள்ள இரைக்குப் பதில் ஓடுகிற பொய் இரை! நம் ஊரில் நிஜத் தவளையை முள்ளில் கோத்து நீர்ப்பரப்பில் துள்ளவிட்டவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. ஆனால் பொய் இரையை ஓயாமல் வீசி இழுக்க வேண்டும். அதற்கு ரீல் வேண்டும். 1905-ல் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்பவர், லேசான இரையையும் தூரத்தில் வீச உதவும் நிலைச்சுருள் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். 1938-ல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் கடற்கரையில் தங்கூசி என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். பிறகு கண்ணாடி நாரில் கம்பு வந்தது. 1970-களில் கரி இழைக் கம்பு. 1990-களில் இழுத்தாலும் நீளாத பின்னல் கயிறு.

இத்தனை வந்தபின் எதை வாங்குவது? சூத்திரம் ஒன்றுதான்: மீனுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வளைந்து கொடுக்க வேண்டும். தங்கூசி இழுத்தால் நீளும். அது விட்டுக்கொடுக்கும் என்பதால் கம்பு சற்று விறைப்பாக இருக்கலாம். பின்னல் கயிறு நீளாது. அதோடு விறைத்த கம்பும் சேர்ந்தால் மூன்று கிளை முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே திறந்த நீரில் கரண்டி இரையோ மீன் வடிவ இரையோ இழுப்பவர், நடுவரை வளையும் கம்பாகப் பார்த்து வாங்குவது நலம். அல்லிக்கொடிக்குள் பொய்த்தவளையை ஓட்டுகிறவர் பாடு வேறு. அங்கே தாட்சண்யம் காட்டினால் மீன் கொடியைச் சுற்றிக்கொள்ளும். விறைத்த கம்பு, பலத்த பின்னல் கயிறு. கவ்வியதும் தலையை மேலே தூக்கிவிட வேண்டும். நக்கீரரின் தூண்டில்காரனுக்குக் கிடைக்காதது இதுதான்.

புதுக்கோட்டையின் கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனால் கடல். அங்கே கொடுவா. ஆங்கிலத்தில் அதற்கும் ‘பாஸ்’ என்றே பெயர். ஆசியக் கடல் பாஸ். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. எவ்வளவு பலமான கயிறும் அதில் உரசினால் அறுந்துவிடும். ஆகவே முள்ளுக்கு முன்னால் இரண்டு முழம் தடித்த நரம்பு கட்டுவது அவசியம்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். பருத்தியும் பட்டும் இருந்த காலத்தில், கயிற்றின் பலவீனமே மீனுக்குக் காவல். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போயிற்று. அறுந்த கயிறும் சில மாதங்களில் மக்கிப் போயிற்று. இப்போதைய கயிறு எளிதில் அறுவதில்லை, அறுந்தாலும் மக்குவதில்லை. கருவேலங்கிளையில் சிக்கிய தங்கூசி, ஆண்டுக்கணக்கில் நாரையின் காலுக்கும் நீர்க்காகத்தின் சிறகுக்கும் சுருக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்று. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் தெரிய, தாயும் தந்தையும் அடியில் திரியும். குறுக்கே எது ஓடினாலும் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். பொய்த்தவளைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. தாய் தந்தை கரையேறிய பிறகு குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருஷம், “முன்னே மாதிரி விரால் இல்லையே!” என்று அங்கலாய்ப்போம்.

கயிறு பலவீனமாக இருந்தவரை, எவ்வளவு எடுக்கலாம் என்பதை அதுவே பாதி தீர்மானித்தது. இன்று அந்தப் பொறுப்பு முழுவதும் கையின்மேல் வந்து விழுந்திருக்கிறது. நல்ல கம்பும் நல்ல கயிறும் எந்தக் கடையிலும் கிடைக்கும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டதும் வீசாமல் நிற்கிற கையையும், அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிற கையையும் நாமேதான் பழக்கிக்கொள்ள வேண்டும்.