பிள்ளைகளுக்கும் இரத்தக் கொதிப்பு: கருவிலேயே தொடங்கும் காரணங்கள்

இரத்தக் கொதிப்பு என்றாலே வயதானவர்களின் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், அது பிள்ளைகளுக்கும் வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். எந்தப் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கான முதல் தடயம், அப்பிள்ளை பிறந்த விவரத்திலேயே இருக்கிறது.

பிறப்பு எடை ஏன் முக்கியம்?

பிறப்பு எடை குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இருதய நோயும் அதிகம் காணப்படுவதை, இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களில் சுட்டிக்காட்டினார்.

இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுவது சிறுநீரகம். இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான் எனும் நுண்ணிய பகுதிகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் உள்ளன. இவை கருவிலேயே உருவாகி, ஏறக்குறைய 36ஆவது வாரத்தில் நிறைவடைகின்றன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் புதியவை உருவாவதில்லை.

37 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் இவற்றின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இருப்பவை கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், உடலில் உப்பும் நீரும் தங்கி அழுத்தம் உயர வாய்ப்புண்டு.

தாயின் உடல்நிலை

* கர்ப்பகால இரத்தக் கொதிப்பு: 20 வாரத்திற்குப் பின் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போனால், தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. நச்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைந்து, குழந்தையின் வளர்ச்சி தடைபடலாம்.
* இனிப்பு நீர்: மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இந்நோய் அதிகம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை கட்டுப்படாமல் போனால், பிள்ளைக்குப் பின்னாளில் உடல் பருமனும் இரத்தக் கொதிப்பும் வரக்கூடும்.
* கர்ப்பத்திற்கு முன்பே உள்ள அதிக உடல் எடை.
* புகை: தாய் புகைக்காவிட்டாலும், வீட்டில் மற்றவர் விடும் புகை கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

பிறந்த பின்

எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி ஊட்டுவது நல்லதல்ல. தேவையான வளர்ச்சி வேறு; தேவைக்கு மேல் எடை போடுவது வேறு. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு வயது வரை கஞ்சியில் உப்போ கிச்சாப்போ சேர்க்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு உடனடி மீ, கருவாடு, ஊறுகாய், நொறுக்குத் தீனி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

கர்ப்பிணிகள் சுகாதாரக் கிளினிக்கில் முன்கூட்டியே பதிந்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் செல்வது அவசியம். முந்தைய பிரசவத்தில் இரத்தக் கொதிப்பு இருந்திருந்தால், தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் 16 வாரத்திற்கு முன்பே மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார். தாமாக வாங்கி உண்ணக்கூடாது.

பிரசவம் முடிந்ததும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். பிறந்த வாரம், எடை, தாயின் இரத்த அழுத்தம் ஆகிய விவரங்களைப் பிள்ளையின் மருத்துவரிடம் காட்டலாம்.

3 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளப்பது நல்லது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் பரிந்துரைத்தது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், சிறுநீரக அல்லது இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே அளக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

பெரியவர்களின் கணக்கு சிறுவர்களுக்குப் பொருந்தாது. 3 வயதுப் பிள்ளைக்கு 120/80 என்பதே அதிகம். 13 வயதுக்குள் வயது, பாலினம், உயரம் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். ஒருமுறை அளந்ததை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது.

முகம் வீங்குதல், தேநீர் நிறத்தில் சிறுநீர், ஓயாத தலைவலி, பார்வை மங்கல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். வலிப்பு வந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வருவதில்லை. வந்தாலும், முன்கூட்டியே கண்டறிந்தால் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்க முடியும்.