ஊருக்கு ஊர் ஒரு கம்ப்யூட்டரா?

ரிசர்வேஷனுக்குப் பெரிய லெட்ஜரைப் புரட்டிய காலம் பொன்மலைக்காரர்களுக்கு மறந்திருக்காது. கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1987-இல் வந்தது. ஊருக்கு ஊர் தனி மெஷின் வைத்தால் கட்டுப்படியாகுமா? ஏசி அறை, ஜெனரேட்டர், ராப்பகலாக ஆள் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். வைத்தது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களில்தான்.

திருச்சி கவுண்டரில் இருந்தது வெறும் டெர்மினல், கணக்கெல்லாம் சென்னையில். லைன் போனால் க்யூ அப்படியே நிற்கும். நமக்கென்று ஒன்று இருக்கக்கூடாதா என்று நானும் அலுத்துக்கொண்டதுண்டு. இருந்திருந்தாலும் டெல்லியிலிருந்து திரும்பி வர அதில் டிக்கெட் போட்டிருக்க முடியாது. அந்த ஐந்துமே ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது 1999-இல்தான்!