ஒரு நொடித் தயக்கமும் ஒரு மேல்முறையீடும்: பிரிட்ஜ் மேசையில் தீர்ப்புகள் எப்படி வழங்கப்படுகின்றன?

2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் முதன்முறையாகப் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆண்கள் குழுப் பிரிவில் சிங்கப்பூர் தங்கம் வென்றது. ஆண்கள் இணையர் பிரிவில் தங்கம் இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணைக்குக் கிடைத்தது. சீட்டாட்டத்துக்கும் பதக்கமா என்று வியந்தவர்கள் நம்மிடையே பலர்.

பதக்கம் என்று வந்துவிட்டால் தகராறும் வரும். காற்பந்தில் விசில் ஊத ஒருவர் திடலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். பிரிட்ஜில் அப்படி இல்லை. டைரக்டர் என்று அழைக்கப்படும் நடுவர் மண்டபத்தில் எங்கோ இருப்பார். மேசையில் ஏதாவது தவறு நடந்தால் ஆட்டக்காரர் கையை உயர்த்தி அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்போது சம்பவம் முடிந்து போயிருக்கும். நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் தீர்ப்பு வழங்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நால்வர், இரண்டு இணை, ஆளுக்கு 13 சீட்டு. எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். முதலில் ஏலம், பிறகு ஆட்டம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் 304 ஆடிப் பழகியவர்களுக்கு ஏலம், துருப்பு, கூட்டாளி என்ற மூன்றும் புதிதல்ல. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் தேசிய சேவை முகாம்களிலும் ஆடப்படும் ‘புளோட்டிங் பிரிட்ஜ்’ இதன் எளிய உறவுக்காரன். போட்டி பிரிட்ஜில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுக் கட்டமைப்பை மற்ற மேசைகளிலும் ஆடி, மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். நல்ல கை வந்தது, கெட்ட கை வந்தது என்ற சாக்கு அங்கே எடுபடாது. அதனால்தான் ஒரே ஒரு கையில் வழங்கப்படும் தீர்ப்புகூட முழுப் போட்டியின் முடிவை மாற்றிவிடக்கூடும்.

தயங்கினால் குற்றமா?

மேல்முறையீட்டுக்குப் போகும் தகராறுகளில் பெரும் பங்கு தயக்கத்தைப் பற்றியதுதான். கூட்டாளிக்குத் தகவல் சொல்ல ஏலக் கேட்பும் சீட்டும் மட்டுமே வழி. முகபாவம், பெருமூச்சு, குரல், சீட்டை வைக்கும் வேகம் ஆகியவற்றின் மூலம் போய்ச் சேரும் எதுவும் ‘அனுமதியில்லாத தகவல்’. 304 ஆடும்போது மாமா தொண்டையைச் செருமினால் எதிர்ப்பக்கத்துச் சித்தப்பா சண்டைக்கு வருவாரே, அதைத்தான் உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் சட்டப் புத்தகம் 16ஆம் விதியில் எழுதி வைத்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தெற்கில் இருப்பவர் 4 ஸ்பேட் கேட்கிறார். அடுத்து மேற்கின் முறை. அவர் இருபது விநாடி கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு ‘பாஸ்’ என்கிறார். வடக்கும் பாஸ். இப்போது கிழக்கு 5 ஹார்ட் கேட்கிறார். தெற்கு ‘டபுள்’ சொல்ல, கிழக்கு ஒரு பிடி குறைவாக எடுத்துத் தோற்கிறார். வடக்கு-தெற்குக்குக் கிடைப்பது 100 புள்ளி. ஆனால், அவர்கள் 4 ஸ்பேட் ஆடி வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது 620. கிழக்கு தோற்றும் லாபம் பார்த்துவிட்டார். தெற்கு டைரக்டரைக் கூப்பிடுகிறார்.

இங்கே முதலில் தெளிவாக வேண்டியது, மேற்கு யோசித்தது குற்றமல்ல என்பதுதான். யோசிக்கத்தானே பிரிட்ஜ்! கேள்வி கிழக்கைப் பற்றியது. கூட்டாளி எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டார் என்பது அந்த இருபது விநாடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அந்தத் தகவல் காட்டும் பக்கம் அவர் சாயக்கூடாது.

அவர் சாய்ந்தாரா இல்லையா என்று டைரக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கிழக்கின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதும் இல்லை. கிழக்கின் 13 சீட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதே தரத்திலுள்ள சில ஆட்டக்காரர்களிடம் போவார். தயக்கம் நடந்ததைச் சொல்லாமல், ஏலம் இப்படி வந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அவர்களில் கணிசமானோர் பாஸ் சொல்வதைத் தீவிரமாக எண்ணிப் பார்த்து, சிலர் அதையே தேர்ந்தெடுத்தால், பாஸ் என்பது ‘நியாயமான மாற்று வழி’ ஆகிறது. அப்படி ஒரு வழி இருக்க, தயக்கம் காட்டிய வழியை எடுத்ததால் 5 ஹார்ட் செல்லாது. எல்லாருமே 5 ஹார்ட் என்றால் மேசை முடிவு அப்படியே நிற்கும்.

கேட்பு செல்லாது என்றானதும் அடுத்த சிக்கல் வருகிறது. 4 ஸ்பேட் ஆடியிருந்தால் வென்றிருப்பார்களா? உறுதியாகச் சொல்ல முடியாதபோது டைரக்டர் பங்கிட்டுத் தீர்ப்பளிக்கலாம். ‘60 விழுக்காடு 4 ஸ்பேட் வெற்றி, 40 விழுக்காடு ஒரு பிடி தோல்வி’ என்பதுபோல் மதிப்பெண் வழங்கப்படும். ஆடாத ஆட்டத்துக்கு விழுக்காடு போடுவது முதலில் கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், முழுவதும் இவருக்கு அல்லது முழுவதும் அவருக்கு என்பதைவிட இது நியாயத்துக்கு நெருக்கமானது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாதிக்கப்பட்ட இணையே அதன்பிறகு மிக மோசமான தவறு ஒன்றைச் செய்து, அந்தத் தவறுக்கும் முன் நடந்த மீறலுக்கும் தொடர்பு இல்லை என்றால், தாமே வரவழைத்துக்கொண்ட நட்டத்துக்கு நிவாரணம் கிடையாது. மீறியவர் மட்டும் தண்டனையை ஏற்பார். இதனால் ஒரே கைக்கு இரு பக்கமும் பொருந்தாத மதிப்பெண் வருவதும் உண்டு. கணக்குத் தப்பு என்று நினைத்து எண்ணிக்கை மேசைக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் புதியவர்களே.

இத்தகைய தீர்ப்பு கிழக்கை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. சட்டம் அவர் நோக்கத்தை விசாரிப்பதே இல்லை. ஆனாலும், தமக்கு எதிரான தீர்ப்பைத் தம் நேர்மைக்கு எதிரான தீர்ப்பாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் புள்ளிக்காக அல்லாமல் ‘பெயருக்காக’ மேல்முறையீடு செய்யப்படுவது இதனால்தான்.

தவறான விளக்கமா, தவறான கேட்பா?

அடுத்த பெரும் தகராறு விளக்கத்தைப் பற்றியது. பிரிட்ஜில் இரகசிய மொழிக்கு இடமில்லை. ஒரு கேட்புக்கு இணைக்குள் என்ன பொருள் என்று எதிரணி கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். கூட்டாளி ‘இது பலமான கை’ என்று விளக்குகிறார். பிறகு பார்த்தால் கை பலவீனமாக இருக்கிறது. எதிரணிக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால், இதில் இரண்டு விதம் உண்டு. அந்த இணையின் உடன்பாடு உண்மையில் ‘பலமான கை’ என்றே இருந்து, கேட்டவர் மறந்து தவறாகக் கேட்டிருந்தால் அது குற்றமல்ல. எதிரணிக்கு எந்த நிவாரணமும் இல்லை. உடன்பாடு வேறாக இருந்து, விளக்கியவர் தவறாகச் சொல்லியிருந்தால்தான் அது மீறல். இரண்டில் எது என்று தெரியாதபோது, விளக்கமே தவறு என்று எடுத்துக்கொள்ளும்படி சட்டம் டைரக்டருக்குச் சொல்கிறது. எனவே, தங்கள் முறைகளை எழுதி வைத்த அட்டையைக் கொண்டுவராத இணை, உண்மையே பேசினாலும் வழக்கில் தோற்க வாய்ப்பு அதிகம்.

‘மீதி எல்லாம் எனக்கே’ என்று சீட்டை விரித்துக் காட்டும் பழக்கமும் சண்டைக்கு வித்து. அப்படிச் சொல்பவர் எந்த வரிசையில் ஆடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே ஒரு துருப்பு மீதமிருப்பதை அவர் குறிப்பிடாமல் விட்டு, அதை மறந்திருந்தார் என்று தோன்றினால், சந்தேகத்தின் பலன் எதிரணிக்கு. ‘எனக்குத் தெரியாதா, நான் எத்தனை வருட ஆட்டக்காரன்’ என்ற வாதம் அங்கே செல்லாது. கவனக்குறைவான ஆட்டமும் இயல்பான ஆட்டமே என்கிறது சட்டம்.

கேட்ட இனச் சீட்டு கையில் இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிடுவதில் அதிக வாதத்துக்கு இடமில்லை. அடுத்த பிடிக்கு அவரோ கூட்டாளியோ சீட்டுப் போட்டுவிட்டால் தவறு உறுதியாகிவிடும். சூழ்நிலையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு பிடிகள் எதிரணிக்கு மாற்றப்படும்.

அரை மணி நேரம்

டைரக்டரின் தீர்ப்பு பிடிக்காதவர் மேல்முறையீடு செய்யலாம். ஏற்பாட்டாளர் வேறு நேரம் வகுக்காதவரை, அதிகாரபூர்வ மதிப்பெண் வெளியான 30 நிமிடத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். இணையில் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மட்டும் கோபப்பட்டால் போதாது. குழுப் போட்டியில் அணித் தலைவரின் சம்மதம் தேவை. அடிப்படையே இல்லாத முறையீடு என்று முடிவானால் அபராதமும் வரலாம். சில போட்டிகளில் முன்பணம் கட்டச் சொல்வார்கள். வீண் முறையீடாக இருந்தால் அது திரும்பாது.

மேல்முறையீட்டுக் குழுவால் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. ‘இந்த நிலையில் பாஸ் சொல்வது நியாயமான வழியா’ போன்ற ஆட்ட மதிப்பீட்டை அது மாற்றலாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் தலைமை டைரக்டரை மீற முடியாது. மறுபரிசீலனை செய்யும்படி பரிந்துரைக்கத்தான் முடியும்.

பல காலம் இக்குழுக்களில் அனுபவமிக்க ஆட்டக்காரர்களே உட்கார்ந்தார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் என்பது பலம். நேற்று எதிரே ஆடியவர், நாளை ஆடப்போகிறவர், இருபது வருட நண்பர் என்பது பலவீனம். அன்றைய ஆட்டம் முடிந்த பிறகே குழு கூடும் என்பதால், யார் வென்றார் என்று தெரியாமலே ஆட்டக்காரர்கள் படுக்கப் போன நாள்களும் உண்டு. பின்னர் உலக, ஐரோப்பிய வெற்றியாளர் போட்டிகளில் குழுவுக்குப் பதிலாக ‘மறுஆய்வாளர்’ முறை வந்தது. டைரக்டர் உண்மைகளைச் சரியாகத் திரட்டினாரா, போதிய ஆட்டக்காரர்களைக் கேட்டாரா, சரியான விதியைப் பயன்படுத்தினாரா என்று மட்டுமே அவர் பார்ப்பார். நடைமுறை சரி என்றால் தீர்ப்பு நிற்கும். இதில் வேகம் உண்டு. ஆனால், ‘என் கையைப் பார்த்து யாராவது புதிதாக யோசியுங்கள்’ என்று கேட்க வந்தவருக்கு ஏமாற்றம்தான்.

மேசையைத் தாண்டிய வழக்குகள்

மேலே சொன்னவை நேர்மையான ஆட்டக்காரர்களுக்கிடையே எழும் தகராறுகள். ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் வேறு வகை. 1965இல் புவெனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த பெர்முடா கிண்ணப் போட்டியில், பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ இருவரும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் சைகை செய்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலக சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் நடந்த விசாரணையோ, சந்தேகத்துக்கு இடமிருப்பதாகக் கூறி 1966இல் அவர்களை விடுவித்தது. ஒரே சம்பவம், இரண்டு தீர்ப்பு. பிரிட்ஜ் உலகம் இன்றுவரை அதைப் பற்றி ஒருமனப்படவில்லை.

1975ஆம் ஆண்டின் பெர்முடா கிண்ணத்தில் மேசையின் குறுக்கே திரை வைக்கப்பட்டது. கூட்டாளியின் முகமும் கையும் தெரியாது. ஏலம் ஒரு தட்டில் திரைக்கு அடியில் நகரும். தட்டு தாமதமாக வந்தாலும் அந்தப் பக்கம் இருக்கும் இருவரில் யார் யோசித்தார் என்பது எளிதில் புரியாது. தயக்கத் தகராறுகளையும் இது குறைத்தது. ஆனால், அதே போட்டியில் இத்தாலியின் ஃபக்கினி, சுக்கெல்லி இணை திரைக்குக் கீழே காலால் தொட்டுக்கொண்டதாகப் புகார் எழுந்தது. கண்டனத்தோடு விட்டார்கள். மேசைக்கு அடியிலும் தடுப்பு வைக்க வேண்டி வந்தது.

2015இல் வெடித்த சர்ச்சை விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை சென்றது. இத்தாலியில் பிறந்து மொனாக்கோ அணிக்கு ஆடிய ஃபுல்வியோ ஃபன்டோனி, கிளாவுடியோ நூனெஸ் இருவரும் முதல் சீட்டைக் குறுக்காகவோ நெடுக்காகவோ வைத்துக் கையிலுள்ள பெரிய சீட்டைப் பற்றித் தகவல் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒளிப்பதிவுகளைப் பார்த்து இதை முதலில் கவனித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மாய்க்கே மேவியஸ். ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் 2016இல் இருவருக்கும் தடை விதித்தது. ஆதாரம் தேவையான அளவுக்கு இல்லை என்று 2018 ஜனவரியில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நிறுவப்பட்டதாகச் சிலரும், நிரூபிக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள் என்று சிலரும் இன்னமும் வாதிடுகிறார்கள்.

ஆட்டக்காரர்கள் தங்கள் பதிலை வேறு விதமாகச் சொன்னார்கள். 2021இல் இணையம்வழி நடந்த ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் இத்தாலி அணியில் ஃபன்டோனி இடம்பெற்றார். எதிரணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தாலியுடன் ஆட மறுத்தன. அந்த ஆட்டங்களில் ஒரு சீட்டும் போடப்படாமலேயே புள்ளிகள் இத்தாலிக்குப் போயின.