தரிசில் காய்ந்த புல், ஊருக்குள் வரும் தீ: தடுப்பது எப்படி?

காட்டுத்தீ என்றால் மலையில், அடர்ந்த காட்டில் ஏற்படுவது என்றே பலரும் நினைக்கிறோம். கடலோர ஊருக்கும் நகரை ஒட்டிய கிராமத்துக்கும் அதனால் ஆபத்தில்லை என்று இருந்துவிடுகிறோம். ஆனால் தீ பரவ மரங்கள் வேண்டும் என்பதில்லை. காய்ந்த புல்லும் பலத்த காற்றும் போதும். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா என்ற கடலோர ஊர் எரிந்தது அப்படித்தான். அந்தத் தீ பிடித்தது காட்டில் அல்ல, விவசாயம் நின்றுபோன நிலத்துப் புல்லில். அதனால் அங்கு நடந்ததை நம் விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

லஹைனாவில் நடந்தது என்ன?

மௌயி தீவின் மேற்குக் கரையில் உள்ள லஹைனா மழை குறைந்த பகுதி. ஊருக்கு மேலே உள்ள சரிவு நிலங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பு பயிரானது. பாசனம் நடந்தவரை நிலம் பச்சையாக இருந்தது. 1999-ல் அங்கிருந்த சர்க்கரை ஆலை மூடப்பட்டது. கரும்பு நின்றது, தண்ணீர் பாய்ச்சுவதும் நின்றது. நிலத்தைப் புல் பிடித்துக்கொண்டது.

ஹவாயில் இப்படிப் பரவியுள்ள புற்களில் முக்கியமானவை கினியா புல்லும் கொழுக்கட்டைப் புல்லும். நாம் ஆடு மாடுகளுக்குத் தீவனமாகப் பரிந்துரைக்கும் அதே புற்கள்தான் இவை. அங்கும் கால்நடைத் தீவனத்துக்காகவே கொண்டுவரப்பட்டன. அறுக்கவும் மேய்க்கவும் ஆள் இல்லாத நிலத்தில் அவை ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து, தீக்குத் தீனியாக நின்றன.

அன்று காலை 6.30 மணியளவில், பலத்த காற்றில் அறுந்த மின்கம்பியால் புல்லில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் அதை அணைத்துப் பல மணி நேரம் காவல் இருந்தார்கள். புகை ஏதும் தெரியாததால் பிற்பகலில் கிளம்பினார்கள். சிறிது நேரத்தில், மூன்று மணிக்கு முன்பே, மிச்சமிருந்த கங்கிலிருந்து தீ மீண்டும் கிளம்பியது. மலையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அதை வீடுகளுக்குள் தள்ளியது. 102 பேர் இறந்தார்கள். சுமார் 2,200 கட்டடங்கள் சேதமாயின. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை. தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வேகமும் குறைந்துபோனது.

நமக்கு என்ன பாடம்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் தரிசு நிலங்களில் புல் செழித்து வளர்கிறது. மாசி, பங்குனியில் அதுவே சருகாகிறது. முன்பு ஆடு மாடு மேய்ந்தே அது தீர்ந்துவிடும். இன்று நகரை ஒட்டிய ஊர்களில் பல நிலங்கள் மனையாகப் பிரிக்கப்பட்டோ, உரிமையாளர் வெளியூரில் இருப்பதாலோ சும்மா கிடக்கின்றன. மேய்ச்சலும் குறைந்துவிட்டது. பயிர் இல்லாத நிலத்தில் இழக்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். அங்கு பிடிக்கும் தீ பக்கத்துத் தோப்பையும் வைக்கோல் போரையும் வீட்டையும் தேடி வரும்.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

1. தை மாதத்திலேயே நிலத்தின் எல்லையைச் சுற்றி 10 அடிக்குக் குறையாமல் உழுது, புல் இல்லாத வெறும் மண்ணாக வையுங்கள். புல் ஆளுயரம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். காற்றில் பறக்கும் பொறியை இது முழுவதும் தடுக்காது. ஆனால் தரையோடு வரும் தீயை மெதுவாக்கும். நீங்கள் நின்று அணைக்க இடம் தரும்.

2. கினியா புல்லை 45 நாட்களுக்கு ஒருமுறை அறுத்துவிடுங்கள். தீவனமும் தரமாக இருக்கும், காய்ந்து நிற்கவும் செய்யாது. பக்கத்துத் தரிசின் உரிமையாளரிடம் பேசி, ஆடு மேய்க்கவோ புல் அறுத்துக்கொள்ளவோ அனுமதி கேளுங்கள். இருவருக்கும் லாபம்.

3. வீட்டுச் சுவரை ஒட்டி 5 அடிக்குள் விறகு, தென்னை மட்டை, காவோலை, வைக்கோல் எதுவும் வேண்டாம். 30 அடி வரை புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். வைக்கோல் போரை வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தள்ளிப் போடுங்கள்.

4. சவுக்கு, முந்திரித் தோப்புகளில் சாலையோரமும் வீட்டுப் பக்கமும் விழும் சருகைக் கூட்டி எருக்குழியில் சேருங்கள். தோப்புக்குள் பீடி, சிகரெட் துண்டுகளைப் போட விடாதீர்கள்.

5. தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கம்பியில் உரசும் கிளை இருந்தால் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். நீங்களே வெட்டாதீர்கள்.

6. தாளையும் சருகையும் கொளுத்த வேண்டாம். மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம்.

7. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. தொட்டியிலோ டிரம்மிலோ எப்போதும் தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் 101-க்குச் சொல்லுங்கள். பிறகு ஊராரை எழுப்புங்கள். கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எதுவானாலும் சரி, அறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். முதியோரையும் குழந்தைகளையும் முன்னதாக அனுப்புங்கள். தொழுவத்தில் கட்டியுள்ள மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

சிறிய தீயைப் பச்சைத் தழை, ஈரச்சாக்கு, மண் கொண்டு ஓரத்திலிருந்து அணைக்கலாம். தீ போகும் திசையில் எதிரே நிற்கக் கூடாது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால் மேட்டுப் பக்கம் ஓடக் கூடாது. உழுத வயலும் ஏற்கெனவே எரிந்து ஆறிய இடமும் பாதுகாப்பானவை. தீ இடுப்புயரத்துக்கு மேல் எழுந்தால் விலகிவிடுங்கள். அறுந்த மின்கம்பி கிடந்தால் அருகில் போகாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

அணைத்த பிறகு

கடன், பகை, நெருப்பு மூன்றிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். லஹைனாவில் மிச்சமிருந்த கங்குதான் ஊரை எரித்தது. எரிந்த இடத்தின் ஓரத்தை மண்வெட்டியால் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். மரக்கட்டை, வேர், எருக்குவியல் ஆகியவற்றுக்குள் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையை நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். புகை இல்லை என்பதற்காகக் கிளம்பிவிடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் அன்று இரவும் மறுநாளும் முறை வைத்துக் காவல் இருங்கள்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிகச் செலவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் ஊர் கூடி, எந்தத் தரிசு வீடுகளுக்கு அருகில் இருக்கிறது என்று நடந்து பார்த்து, முதலில் அதன் ஓரத்தை உழுதுவிடுங்கள்.