ஜம்பைக் கல்வெட்டும் களப்பயிற்சியும்: ஒரு மாணவர் கண்டெடுப்பு உணர்த்தும் ஆய்வுமுறை

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூர் வட்டத்தைச் சேர்ந்த ஜம்பை, மணலூர்ப்பேட்டைக்கு அண்மையில் உள்ள சிற்றூராகும். இங்குள்ள குன்றின் இயற்கைக் குகைத்தளத்தில் 1981ஆம் ஆண்டு ஒருவரித் தமிழிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதனைக் கண்டவர் புகழ்பெற்ற அறிஞர் அல்லர். தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பயிற்சி நிறுவனத்தில் பயின்ற க. செல்வராஜ் என்னும் மாணவர். துறையின் இயக்குநராக அப்போது இரா. நாகசாமி இருந்தார்.

“ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி” என்பது அதன் வாசகம். ‘பாளி’ என்பது துறவியர் உறைவிடத்தைக் குறிக்கும். அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் என்பதற்கு மேல் கல்வெட்டு எதையும் கூறவில்லை. ஆயினும், முதற்சொல்லே நெடுநாளைய வழக்கொன்றைத் தீர்த்துவைத்தது. அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் சுட்டுகிறது. அவர் யாவர் என்பதில் அறிஞர் வேறுபட்டனர். சத்தியமங்கலத்தோடும் கோசரோடும் தொடர்புபடுத்தியோர் உண்டு. கே. ஜி. சேஷையர் அதியமான் மரபினரே சதியபுத்திரர் என்று முன்னரே கருதினார். தாமஸ் பரோ மொழியியல் நோக்கில் அதற்கு வலுவூட்டினார். சொல்லின் முதலிலுள்ள சகரம் தமிழில் கெடுதல் உண்டு என்பது அவ்வாதத்தின் அடிப்படை. கருதுகோளாக நின்ற அக்கருத்துக்குக் கல்லே சான்றாயிற்று.

இக்கண்டெடுப்பைத் தற்செயல் எனக் கொள்வது பொருந்தாது. கல்வெட்டியல் மாணவர் எழுத்து வளர்ச்சியைக் கற்பதோடு ஊர் ஊராகச் சென்று தேடவும் வேண்டும். பாறையைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதிந்தபின் மையொற்றிப் படியெடுக்க வேண்டும். படித்தது ஒன்று, ஊகித்தது மற்றொன்று எனப் பிரித்து எழுதும் பழக்கம் அங்குதான் கைவருகிறது. வகுப்பறைக் குறிப்பேடு மட்டும் அதனைத் தந்துவிடாது.

கல்வெட்டின் உண்மைத்தன்மை குறித்தும் ஐயம் எழுப்பப்பட்டது. தமிழ் வாசகத்தில் பிராகிருத வடிவம் அமைந்ததும், தமிழுக்குப் புறம்பான ஸகர எழுத்து இடம்பெற்றதும் வியப்புக்குரியனவே. ஐராவதம் மகாதேவன் இதனை உண்மையான கல்வெட்டாக ஏற்று, 2003இல் வெளிவந்த தம் பெருநூலில் சேர்த்தார். ஐயத்தை அவமதிப்பாகக் கருதாமல் எழுத்தமைதியைக் கொண்டே விடைகாண முயன்றது பின்பற்றத்தக்க நெறி.

இன்றைய ஆய்வேடுகள் தடுமாறும் இடம் வேறு. ஜம்பை அஞ்சியை அசோகரின் சமகாலத்தவராக எழுதிவிடுவதுண்டு. அசோகர் பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டினர், மகாதேவனின் கணிப்பில் ஜம்பை எழுத்து பொ.ஆ. 1ஆம் நூற்றாண்டுக்குரியது. எனவே ‘ஸதியபுதோ’ என்பது மரபுவழி வந்த குடிப்பெயர் என்பதே கல் இடந்தரும் முடிபு. ‘வெள்ளிடைமலை’ என்று எழுதிவிட்டால் இவ்விடைவெளி மறைந்துவிடாது.

இலக்கியச் சான்றிலும் இதே எச்சரிக்கை தேவை. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்னும் செய்தி புறநானூற்றின் 99ஆம் பாடலில் வருகிறது. அப்பாடலைப் பாடியவரோ ஔவையார். கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அஞ்சியின் தகடூர் கல்வராயன் மலைக்கு மேற்கே, இன்றைய தருமபுரி. அவன் பெயர் திருக்கோவிலூர்ப் பகுதியிலேயே கல்லில் கிடைத்திருப்பது அப்பாடற் செய்தியோடு இயைகிறது. எனினும் கல்வெட்டு போரைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறவில்லை. அது கூறுவது கொடையை மட்டுமே.