கார் டெம்பரேச்சர் முள் ஏறி இறங்குதா? எப்போ ஆடுதுனு முதல்ல கவனிங்க!

டேஷ்போர்டுல நாம அடிக்கடி பார்க்கிறது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு ஸ்பீடு, இன்னொண்ணு பெட்ரோல். ஓரத்தில் 'சி', 'ஹெச்' எழுத்துகளுக்கு நடுவே அமைதியாக நிற்கும் அந்தச் சின்ன முள், ஆட ஆரம்பிச்ச பிறகுதான் நம்ம கண்ணுக்கே தெரியும்.

சூடேறிய இன்ஜின் பொதுவாக 90 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் ஓடும். அஞ்சு, பத்து டிகிரி கூடக் குறைய இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்பதுபோல பல புதிய கார்களில் செட் பண்ணியிருப்பாங்க. அதனால், கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு முள் ஏறி இறங்குதுன்னா உள்ளே ஏதோ நடக்குதுனு அர்த்தம். சில கார்களில் முள்ளே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். அதில் சிவப்பு எரிஞ்சா, யோசிக்காம ஓரம்கட்டிடணும்.

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி, முள் எப்போ ஆடுதுனு ரெண்டு நாள் கவனிச்சுப் பாருங்க. பாதி விடை அதிலேயே கிடைச்சிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்குதா? ரேடியேட்டர் ஃபேன் மேலதான் முதல் சந்தேகம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விச்சிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுக்கு. ஏசியைப் போட்டுட்டு பானெட் பக்கம் காதைக் கொடுங்க. பெரும்பாலான கார்களில் ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையாகப் பார்க்கணும். கையை மட்டும் உள்ளே விடாதீங்க. சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுத்தும்.

இதுக்கு நேரெதிராக, ஹைவேயில் வேகமாகப் போகும்போதோ ஏற்காடு ஏறும்போதோ முள் ஏறினா, ரேடியேட்டர் அடைப்பு, தண்ணி பம்ப், முழுசா திறக்காத தெர்மோஸ்டாட் இதில் ஏதோ ஒண்ணு.

எந்த ஒழுங்கும் இல்லாம ஏறி, சட்டுனு இறங்கி, மறுபடி ஏறுதா? அப்போ கூலன்ட் குறைஞ்சிருக்கலாம், இல்லைன்னா சிஸ்டத்துக்குள்ளே காத்து மாட்டியிருக்கலாம். மெக்கானிக்குகள் 'ஏர் லாக்'னு சொல்றது இதைத்தான். காத்துக்குமிழ் சென்சாரைக் கடக்கும்போது ஒரு அளவு, கூலன்ட் தொடும்போது வேற அளவு. ஹீட்டரைப் போட்டா திடீர்னு குளிர்காத்து வர்றதும் இதோட அடையாளம்தான். இதில் ஒரு ஆபத்து இருக்கு. கூலன்ட் மொத்தமா காலியாயிட்டா, சென்சார் வெறும் காத்தில் இருக்கும். உள்ளே இன்ஜின் வெந்துகிட்டு இருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டலாம். 'அப்பாடா, குறைஞ்சிடுச்சு'னு நிம்மதியாக ஓட்டிப் போனவங்கதான் கடைசியில் இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

ஏர் லாக்கை எடுக்க, இன்ஜின் முழுசா ஆறினதும் முன்பக்கம் கொஞ்சம் உயரமா இருக்குற இடத்தில் வண்டியை நிறுத்தணும். மூடியைத் திறந்து, மெதுவாகக் கூலன்ட் ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வெச்சு ஐடிலில் ஓடவிடணும். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழ் குமிழாகக் காத்து வெளியேறும், மட்டம் இறங்கும், மறுபடி ஊத்தணும். சில வண்டிகளில் இதுக்குன்னே தனி ஸ்க்ரூ இருக்கும். கார் மேனுவலில் பார்த்துக்கோங்க. ஆனா, காத்து எப்படிப் போச்சுன்ற கேள்விக்கு விடை தேடாம விட்டா, அடுத்த மாசம் இதே கதைதான். ஹோஸ் இணைப்புகள், பம்ப் அடிப்பக்கம், ரேடியேட்டர் ஓரங்கள்ல காய்ஞ்ச கறை இருக்கானு பாருங்க. மூடியையும் விட்டுடாதீங்க. அதோட அழுத்தத்தால்தான் கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. ரப்பர் போன மூடியை மாத்துறது சின்னச் செலவு.

முள் மேலே போறதுக்குப் பதிலா, ஹைவேயில் கீழே இறங்கியே கிடந்தா தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டியிருக்கும். இல்லைன்னா யாரோ கழற்றியிருப்பாங்க! 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?'னு சில பட்டறைகளில் அதை எடுத்தே போட்டுடுறாங்க. இதுக்கு ஒத்துக்காதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அதேமாதிரி, போர் தண்ணியும் வேண்டாம். அதில் இருக்குற உப்பு ரேடியேட்டருக்குள்ளே படிஞ்சு அடைச்சிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சம அளவில் கலந்தது போதும். கலரைப் பார்த்து வாங்காம, மேனுவல் சொல்ற வகையை வாங்குங்க.

ஒரு நொடியில் நடுவிலிருந்து அடிமட்டத்துக்குக் குதிக்கிறது, ஹெட்லைட் போட்டா ஏறுறது எல்லாம் பெரும்பாலும் சென்சார், வயரிங், எர்த் கோளாறு. அவ்வளவு கூலன்ட் ஒரு நொடியில் ஆறாதே! புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணை மாட்டினா, டெம்பரேச்சர் டிகிரி கணக்கில் போன்லயே தெரியும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சூடாகும் வரை எண்கள் சீராக ஏறுதானு பார்த்தாலே சென்சார் மேல இருக்குற சந்தேகம் பாதி தீர்ந்துடும்.

கசிவே தெரியலை, ஆனா கூலன்ட் குறைஞ்சுகிட்டே போகுது, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி மாதிரி நுரைன்னா, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். அந்த வண்டியை ஓட்டிப் போகாதீங்க. டோ பண்ணிக் கொண்டுபோங்க. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்களும் அந்த ஆயில் மூடியை ஒருதடவை கழற்றிப் பார்த்துடுங்க.

வழியில் முள் சிவப்பை நெருங்கினா ஏசியை நிறுத்துங்க. ஓரம்கட்ட இடம் கிடைக்கிற வரைக்கும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்க. வியர்த்துக் கொட்டும்தான், ஆனா கொஞ்சம் சூடு அந்த வழியா வெளியேறும். நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, குறைஞ்சது அரை மணி நேரம் மூடி பக்கமே போகாதீங்க. சூட்டோட திறந்தா கொதிக்கிற கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். பச்சைத் தண்ணியை இன்ஜின் மேல ஊத்தவும் வேண்டாம், உலோகம் விரிசல் விட்டுடும். கீழே சிந்தின கூலன்ட்டைத் தண்ணி விட்டுக் கழுவிடுங்க. இனிப்பா இருக்கும்னு தெருநாய் நக்கிடும், அது விஷம்.