இண்டூர் சாலை

தருமபுரியிலிருந்து மேற்கே இண்டூர், பென்னாகரம் வழியாகக் காவிரிக் கரையின் ஒகேனக்கல் அருவி வரை செல்லும் சாலை. நீளம் ஏறத்தாழ 46 கி.மீ.; மாநில நெடுஞ்சாலை 60-இன் ஒரு பகுதி. அருவிக்குப் போகும் அவசரத்தில் பலரும் இண்டூரை நிறுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் தமிழகத்தின் எல்லைப்புற வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் வழிகள் மிகச் சில.

சங்ககாலத்தில் இப்பகுதி அதியமான்களின் தகடூர் நாடு. பிற்கால நூற்றாண்டுகளில் பல்லவர், கங்கர், நுளம்பர் எனப் பல அரசுகளின் விளிம்பில் இருந்ததால், இங்கே பெரும்போர்களைவிட ஆநிரை கவர்தலும் மீட்டலுமே அன்றாடப் பூசலாயின. அதன் சாட்சிகளே தருமபுரி வட்டார நடுகற்கள். மாவட்டத் தலைநகரின் அருங்காட்சியகத்தில் அவற்றை அருகில் நின்று பார்க்கலாம்: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடலில் தைத்த அம்புகள், காலடியில் மாடுகள். பழைய கற்களில் எழுத்து வட்டெழுத்து. அரசனின் ஆட்சியாண்டோடு, மந்தைக்காக மாண்ட சாதாரண ஊர்க்காவலனின் பெயரும் அதில் உண்டு. பயணத்தை இங்கிருந்து தொடங்குவதே சரி.

18-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி பாராமகால் என்ற பெயரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், பென்னாகரம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தாக்கிப் பிடித்தது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனி வசமானது. ஓசூர்ப் பக்கமும் காவிரிக்கு அக்கரையும் திப்புவிடமே இருந்தன. ஆக, 1799-இல் அவர் வீழும்வரை ஏழாண்டுகள், இந்தச் சாலை போய் முடிந்தது எதிரி நாட்டின் கரையில். அதே ஆண்டுகளில்தான் கம்பெனி அதிகாரி அலெக்சாந்தர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்தார். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மானாவாரி வயல்களில் உருப்பெற்றுத்தான் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

1799-க்குப் பிறகு இரு கரையும் கம்பெனி நிலமாயின. அக்கரைக் கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் அது மைசூர் மாநிலத்துக்குப் போக, ஆறு மீண்டும் எல்லையானது. இன்று ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறுபவருக்கு எதிரே தெரியும் பாறைகள் கர்நாடகம்.

சாலையின் முகம் இடத்துக்கு இடம் மாறும். இண்டூர்ப் பக்கம் செம்மண், கேழ்வரகு, கொள்ளு, புளியமரங்கள். பென்னாகரம் தாண்டியதும் காடு தொடங்கி, கணவாயில் வளைவுகளாக இறங்குகிறது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவது நல்லது. பிரேக்கை மட்டும் நம்பி வந்த வண்டிகள் இங்கே கவிழ்ந்திருக்கின்றன. யானைகள் கடக்கும் பாதை என்பதால் இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும்.

சாலை சென்று சேரும் காவிரியே இன்று இம்மாவட்டத்தின் குடிநீரும். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லையைக் காட்டிக் கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. சப்பான் நிதியுதவியுடன் பணி முடிந்து, 2013-இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது காவிரி நீர் குழாய்வழியே கணவாய் ஏறித் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குப் போகிறது.